எதுகையும் செந்தொடையும்: இயற்கைக் கவிதையைச் சிறாருக்குக் கற்பித்தல்

கவிதைக்கு இலக்கணம் யாது எனத் தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவரைக் கேட்டால், அடிகளின் இறுதி ஒன்றுபோல் ஒலிக்க வேண்டும் என்று அவர் விடை கூறக்கூடும். ஆங்கிலப் பாலர் பாடல்களைக் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு அது இயல்பான எண்ணமே. தமிழில் அவ்வொலியொப்புமைக்கு இயைபு என்று பெயர். ஆயினும் தமிழ்ச் செவி பெரிதும் நாடியது அடியின் தொடக்கத்தையே. முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை.

இவ்விதியைக் கற்ற சிங்கப்பூர்ச் சிறுவன் 'காற்று' என்று ஓரடியைத் தொடங்கினால், அடுத்த அடிக்கு 'நாற்று' தானே வந்து நிற்கும். அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் அவன் உணர்ந்த காற்று மெய்; நாற்றையோ அவன் கண்டதே இல்லை. ஓசை கிடைத்தது, காட்சி தொலைந்தது. இதனைக் கண்ட சிலர், சிறுவருக்கு எதுகை வேண்டா, புதுக்கவிதையே போதும் என்பர். வேறு சிலர், எதுகை இல்லாதது தமிழ்க் கவிதையே அன்று என்பர். நம் இலக்கிய வரலாறு இவ்விரு கூற்றுக்கும் இடந்தரவில்லை.

தொல்காப்பியச் செய்யுளியல் மோனை, எதுகை, முரண், இயைபு முதலிய தொடைகளை வகுத்துரைக்கிறது. அவை எவையும் அமையாமல் வருவதையும் அந்நூல் விலக்கவில்லை. செந்தொடை எனப் பெயரிட்டு ஏற்றுக்கொள்கிறது. குறுந்தொகையின் 40ஆம் பாடலில், செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் காதலர் நெஞ்சங்கள் கலந்தமைக்கு உவமையாகிறது. அதன் ஐந்து அடிகளிடையே எதுகை இல்லை. அதே நூலின் 47ஆம் பாடலில், வேங்கைப்பூ உதிர்ந்து கிடக்கும் பாறை புலிக்குட்டியைப் போலத் தோன்றுகிறது. அதன் நான்கு அடிகளும் இரண்டிரண்டாக எதுகை பெற்றுள்ளன. இரு பாடல்களிலும் புலவர் கண்ட காட்சி சிறிதும் சிதையவில்லை என்பதே நாம் கருதத்தக்கது.

7ஆம் நூற்றாண்டு முதலாகத் தேவாரம் போன்ற பதிகங்களில் நான்கடிப் பாடல்கள் பெருகின. அடிதோறும் எதுகை வருவது வழக்காயிற்று. பண்ணோடு பாடவும், ஏட்டின் துணையின்றி நினைவில் நிறுத்தவும் அது உதவியது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, அழ. வள்ளியப்பா ஆகியோரின் சிறுவர் பாடல்கள் இன்றும் நாவில் நிற்பதற்கும் அவ்வோசையே துணை. ஆகவே எதுகையை வெற்று அலங்காரம் எனத் தள்ளிவிடுதல் தகாது.

இருபதாம் நூற்றாண்டில் இரு வழிகளும் ஒரே கவிஞரிடம் சந்தித்தன. 1915இல் பாப்பா பாட்டை ஓசை நயத்துடன் பாடிய பாரதியார், ஞாயிற்றையும் காற்றையும் கடலையும் யாப்பைத் துறந்த வசன கவிதையிலும் போற்றினார். காற்றைக் காட்ட அவர் தேர்ந்த பொருள், ஓலைப்பந்தலில் தொங்கும் கயிற்றுத் துண்டுகள். அவை அசைந்தாடிப் பேசிக்கொள்கின்றன. அவர்தம் வழிவந்த பாரதிதாசனோ 1944இல் வெளிவந்த 'அழகின் சிரிப்பு' நூலில் தென்றலையும் கடலையும் எதுகை செறிந்த விருத்தங்களில் பாடினார். காற்று என்னும் ஒரு பொருளை இவ்விரு வடிவங்களிலும் அருகருகே வைத்துப் படிப்பித்தல் சிறந்ததொரு பாடமாகும்.

ந. பிச்சமூர்த்தி 1934இல் 'மணிக்கொடி'யில் எழுதத் தொடங்கிய யாப்பில்லாக் கவிதை, 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழால் ஓர் இயக்கமாக வளர்ந்தது. செந்தொடை தொடையை மட்டுமே விட்டது. சீரும் தளையும் அதற்கு உண்டு. புதுக்கவிதை அவற்றையும் விட்டது. எனவே அதனை எழுதுவோர் சொல்லையும் காட்சியையும் மட்டுமே நம்பி நிற்கவேண்டும். உரைநடையை மடக்கி மடக்கி எழுதினால் கவிதையாகாது என்பதை மாணவர்க்கு முதலிலேயே உணர்த்துதல் நலம்.

வகுப்பறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சாலையோரங்களில் நிற்கும் அங்சானா மரம், சங்கப் புலவர் பாடிய வேங்கையின் இனத்தைச் சேர்ந்தது. அது பூத்து உதிரும் நாளில் நடைபாதை மஞ்சளாகிவிடும். மாணவரை அம்மரத்தடிக்கு அழைத்துச் சென்று, கண்டவற்றை முதலில் எதுகையின்றி ஐந்து வரிகளில் எழுதச் சொல்லுங்கள். பின்னர் 'மஞ்சள்' என்னும் சொல்லுக்கு எதுகை தேடட்டும்: பஞ்சு, நெஞ்சு, கொஞ்சம். இவற்றுள் நீ கண்டதற்குப் பொருந்துவது எது என்று வினவுங்கள். உதிர்ந்த பூ பஞ்சைப் போல் இருந்ததா? இல்லையெனில் அச்சொல் வேண்டா. 'கொஞ்ச நேரத்தில் துடைப்பம் வந்துவிடும்' என்று ஒரு மாணவி எழுதுவாளாயின், அவள் எதுகையையும் பெற்றாள், உண்மையையும் இழக்கவில்லை. ஒரு சொல்லும் பொருந்தவில்லையெனில், முதலில் எழுதிய ஐந்து வரிகளையே அவள் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் நம் இலக்கணத்தில் இடம் உண்டு என்று ஆசிரியர் அவளுக்குச் சொல்லவேண்டும்.