எலிசபெத்தின் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்

அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த ஒரு கறுப்பினச் சிறுமி நோட்டுப் புத்தகத்தை அணைத்தபடி நடக்கிறாள். பின்னால், கிட்டத்தட்ட அவள் வயதே உள்ள ஒரு வெள்ளைச் சிறுமி வாயைத் திறந்து கத்திக்கொண்டே வருகிறாள். 1957 செப்டம்பர் 4, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் நகரம். நடப்பவள் எலிசபெத் எக்ஃபோர்ட், வயது 15. கத்துபவள் ஹேசல் பிரையன்.

ஒரு வாசிப்பு வட்டத்தில் இந்தப் படத்தைக் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: "தோழர், இதப் பாக்கும்போது நாம எல்லாரும் எலிசபெத் இடத்துலதான் நம்மள வெச்சுக்கிறோம். ஆனா ரயில்ல ஒரு வடநாட்டுத் தொழிலாளிய 'டேய் வடக்கா'ன்னு ஒருத்தன் திட்டுறான். அப்ப நாம எலிசபெத் இல்லையே, வேடிக்கை பாக்குற கூட்டம்தானே? அப்ப என்ன செய்யணும்?"

அன்று நான் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை. அதனால் அந்த நாளை மறுபடி படித்தேன், இந்த முறை அந்த இரண்டு சிறுமிகளை விட்டுவிட்டு, சுற்றி நின்றவர்களுக்காக.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. மூன்றாண்டு இழுத்தடிப்புக்குப் பிறகு, லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் சேர ஒன்பது கறுப்பின மாணவர்கள் தேர்வானார்கள். ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் மாநிலக் காவல் படையை இறக்கி அவர்களைத் தடுத்தார். மறுநாள் எல்லோரும் ஓரிடத்தில் கூடிச் சேர்ந்து போகலாம் என்று டெய்சி பேட்ஸ் முந்தைய இரவு மாணவர்களின் வீடுகளுக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார். எலிசபெத் வீட்டில் தொலைபேசி இல்லை. அவள் மட்டும் தனியாகப் பேருந்தில் வந்து இறங்கினாள்.

படைவீரர்கள் வெள்ளை மாணவர்களை உள்ளே விட்டார்கள். எலிசபெத் போனதும் துப்பாக்கிகளைக் குறுக்கே நீட்டினார்கள். அவள் திரும்பினாள். நூற்றுக்கணக்கானவர்கள் பின்னால் வந்தார்கள், அவளைக் கொல்லச் சொல்லிக் கத்திக்கொண்டு. அந்தக் கூட்டத்தில் இரக்கமுள்ள ஒரு முகத்தைத் தேடியதாக அவள் பிறகு சொன்னாள். ஒரு மூதாட்டியின் முகம் அப்படித் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மாள் அவள்மீது துப்பினார்.

தெருக்கோடியில் பேருந்து நிறுத்தம். அங்கே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கூட்டம் சூழ்ந்து நின்றது.

முதலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஒரு பத்திரிகையாளர். நியூயார்க் டைம்ஸின் கல்விப் பிரிவு ஆசிரியர் பெஞ்சமின் ஃபைன். அவள் தோளில் கை போட்டு, நீ அழுவதை இவர்கள் பார்க்க விடாதே என்று மெதுவாகச் சொன்னார். செய்தி சேகரிக்க வந்தவர் செய்திக்குள் இறங்கிவிட்டார் என்ற கண்டனம் பிறகு அவர்மீது வந்தது. குறிப்பேட்டை மூடிவிட்டு ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்காருவது தொழில் தர்மத்துக்கு விரோதம் என்றால், அந்தத் தர்மத்தை யார் எழுதினார்கள் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

அடுத்து வந்தவர் கிரேஸ் லார்ச் என்ற வெள்ளைப் பெண்மணி. தன் மகளைப் பக்கத்துப் பள்ளியில் விட வந்தவர். கூட்டத்துக்கும் எலிசபெத்துக்கும் நடுவில் நின்று, இவள் பயந்துபோன ஒரு சின்னப் பெண், இன்னும் ஆறு மாதத்தில் இதை நினைத்து நீங்களே வெட்கப்படுவீர்கள் என்றார். கூட்டம் கேட்டதா? இல்லை. அவரையும் சேர்த்து ஏசியது. நான் இங்கேதான் நிறைய யோசித்தேன். மேடையில் பேசிப் பழகிய நமக்கு இந்தப் பேச்சுத்தான் வீரமாகத் தெரியும். ஆனால் அதனால் அங்கே ஒருவரும் மாறவில்லை. அதன் பிறகு அவர் செய்ததைப் பாருங்கள். டாக்சியைக் கூப்பிடலாம் என்று எதிரே இருந்த மருந்துக் கடைக்குப் போனார். கதவை முகத்தில் சாத்தினார்கள். திரும்பி வந்து பேருந்துக்காகக் காத்திருந்தார். பேருந்து வந்ததும் எலிசபெத்தை ஏற்றி, தானும் ஏறி, அவளோடு போனார். எலிசபெத் நேராகத் தன் அம்மா சலவைப் பிரிவில் வேலை பார்த்த பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

கிரேஸ் லார்ச் அன்றைக்குத் திடீரென்று நல்லவரானவர் அல்ல. பாஸ்டனில் ஆசிரியராக இருந்தவர். திருமணமான பெண்கள் ஆசிரியராக நீடிக்கக் கூடாது என்ற விதியால் வேலை இழந்து அதை எதிர்த்தவர். கணவர் லீ லார்ச் கணிதப் பேராசிரியர். நியூயார்க்கில் கறுப்பினத்தவருக்கு வீடு மறுத்த குடியிருப்பை எதிர்த்ததில் தொடங்கி, வரிசையாக வேலைகளை இழந்தவர். அப்போது லிட்டில் ராக்கில் ஒரு கறுப்பினக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துபோகக் கிரேஸுக்கு ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை என்றால், அதற்கு முன் பல வருடப் பழக்கம் இருந்தது. சும்மா வழிப்போக்கர் ஒருவர் காப்பாற்றினார் என்று இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

விலையும் கொடுத்தார்கள். அடுத்த மாதமே செனட் துணைக் குழு கிரேஸை விசாரணைக்கு அழைத்தது. கம்யூனிஸ்ட்டா என்று குடைந்தது. அவர்கள் வீட்டு கார் கொட்டகையில் டைனமைட் வைக்கப்பட்டிருந்தது. 1959இல் குடும்பமே கனடாவுக்குப் போனது.

இதைக் கேட்டால் பயம் வரும். வரட்டும். ஆனால் எல்லாச் செயலுக்கும் இந்த விலை இல்லை என்பதையும் அதே பள்ளி காட்டுகிறது.

ஐசனோவர் அனுப்பிய ராணுவத்தின் காவலோடு செப்டம்பர் 25 அன்று ஒன்பது பேரும் உள்ளே போனார்கள். அதன் பிறகுதான் உண்மையான துன்பம். படிக்கட்டில் தள்ளுவது, உதைப்பது, ஒவ்வொரு நாளும் வசைச் சொல். திருப்பி அடிக்கவோ திட்டவோ கூடாது என்பது அந்த ஒன்பது பேருக்கும் போடப்பட்ட நிபந்தனை. மின்னிஜீன் பிரவுன் டிசம்பரில் உணவகத்தில் தன்னை வழிமறித்த பையன்கள் தலையில் உணவுத் தட்டைக் கவிழ்த்தாள். ஒரு நொடி அமைதி. அங்கே வேலை செய்த கறுப்பினப் பணியாளர்கள் கை தட்டினார்கள். அவளைத் தற்காலிகமாக நீக்கினார்கள். பிப்ரவரியில், தன்னை வதைத்த ஒரு பெண்ணைப் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னதற்காக முழுவதுமாகவே வெளியேற்றினார்கள். 'ஒன்று போயிற்று, மிச்சம் எட்டு' என்று அட்டை அச்சடித்துக் கொண்டாடினார்கள் நிறவெறியர்கள்.

திட்டு வாங்குகிறவர் பேசினால் அவருக்குத்தான் தண்டனை. இது நமக்குப் புதிதா என்ன? ஊரில் நம் தாத்தாக்கள் எதிர்த்துப் பேசினால் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். அதனால்தான், 'அவங்களே ஏன் பதில் சொல்லல?' என்று வேடிக்கை பார்த்தவர்கள் கேட்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பதில் சொல்லும் வேலை ஆபத்துக் குறைவாக இருப்பவருடையது.

அதோடு, நம் சட்டம்கூட வேடிக்கை பார்ப்பவரை எதிர்பார்த்துத்தான் நிற்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதி சொல்லித் திட்டுவது குற்றமாக, அது பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும். யாரும் இல்லாத நான்கு சுவருக்குள் நடந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பார்த்த நீங்கள் வந்து சொன்னால்தான் வழக்கு நிற்கும். 2015 திருத்தம் சாட்சிகளின் உரிமைகளுக்குத் தனி அத்தியாயமே சேர்த்தது. தேதி, இடம், சொன்ன வார்த்தை, பேருந்து எண், இவற்றைக் குறித்துக்கொண்டு பாதிக்கப்பட்டவரிடம் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். வீடியோ எடுப்பதானால் திட்டுபவர் பக்கம் கேமராவைத் திருப்புங்கள். அவமானப்பட்டு நிற்பவர் முகத்தை அவர் சம்மதமில்லாமல் ஊருக்குக் காட்டாதீர்கள்.

அந்த மாணவிக்கு இப்போது பதில் சொல்வதானால் இப்படிச் சொல்வேன். திட்டுகிறவனைத் திருத்துவது உன் முதல் வேலை இல்லைம்மா. அவனோடு மல்லுக்கு நின்றால் பெட்டி முழுக்க அவனையும் உன்னையும் பார்க்கும், அந்தத் தொழிலாளி மூலையில் அப்படியே நிற்பார். அவர் பக்கத்தில் போய் நில். இந்தி தெரியாவிட்டால் பரவாயில்லை, உட்கார இடம் கொடு. எங்கே இறங்க வேண்டும் என்று கேள். தனியாக முடியாது என்றால் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரைக் கூப்பிடு. அவர் இறங்கும்வரை இரு.

ஹேசல் பிரையன் சில வருடம் கழித்து எலிசபெத்தைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். 1997இல் இருவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச காலம் நட்பாக இருந்தார்கள், பிறகு அது முறிந்தது. பத்திரிகைகளுக்கு அந்தச் சமாதானக் கதைதான் பிடித்திருந்தது.

எலிசபெத் பிற்காலத்தில் மாணவர்களிடம் பேசும்போது வேறு இருவரைத் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தார். சென்ட்ரல் பள்ளியில் அவரோடு பேச்சுப் பயிற்சி வகுப்பில் இருந்த இரண்டு வெள்ளை மாணவர்கள். அவர்கள் யாரையும் எதிர்த்து முழக்கமிடவில்லை. மற்றவர்கள் அவளைத் தொடக்கூடாதவள்போல் ஒதுக்கிய அந்த வருடத்தில், அந்த இருவரும் அவளோடு சாதாரணமாகப் பேசினார்கள்.