அழைக்கப்படாத வெற்றியாளர்கள்

நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் விளையாட்டு அணிக்கு என்ன வேலை என்று இளைஞர்கள் வினவக்கூடும். 1946-ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸ் அவர்களுக்கு ஒரு கடிதம் வரைந்தார். தீண்டப்படாதோர் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தார் நிலைக்கும் பெரிதும் ஒற்றுமை உண்டென அதில் குறித்தார். அந்த உறவு பற்றியே இவ்வரலாற்றை நாம் எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்கர் கால்பந்து என்பது நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவனை எதிரணியினர் மோதி வீழ்த்துவதுமே அவ்வாட்டம். மோதலில் பக்கத்தில் நிற்பவனை நம்பியே ஒவ்வொருவனும் ஓட வேண்டும். இதனை நினைவிற்கொண்டு மேலே படிக்குமாறு வேண்டுகிறோம்.

கலிபோர்னியா மாநிலத்துச் சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம், இயேசு சபைக் குருமார் 1855-இல் தொடங்கியது. 1951-இல் அதன் அணிக்குப் பயிற்சியாளர் ஜோ குஹாரிச். அவ்வணியில் கறுப்பினத்தார் இருவர் இருந்தனர். ஒருவர் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த ஆலி மேட்சன். மற்றவர் மெம்பிஸ் நகரத்தவரான பர்ல் டோலர். மேட்சன் பந்துடன் ஓடுவார். டோலர் ஓடிவரும் எதிரியைத் தடுத்து வீழ்த்துவார்.

அவ்வாண்டு ஒன்பது ஆட்டங்கள் ஆடினர்; ஒன்பதிலும் வென்றனர். நியூயார்க் சென்று போர்டாம் அணியை 32-26 என்று வென்ற ஆட்டமே கடினமானது. எதிரணி உதைத்தனுப்பிய பந்தைப் பிடித்து, மைதானத்தின் நெடுந்தொலைவை ஒரே ஓட்டமாக ஓடி எல்லைக்கோட்டைக் கடக்கும் அருஞ்செயலை மேட்சன் அன்று இருமுறை நிகழ்த்தினார். பசிபிக் கல்லூரியை 47-14 என்று வீழ்த்தினர். இறுதியாகப் பாசடேனா நகரத்து ரோஸ் பவுல் அரங்கில் லயோலா அணியை 20-2 என்று வென்றனர். ஒன்பது ஆட்டங்களில் மேட்சன் பந்துடன் ஓடிய தொலைவு 1,566 கெஜம். அவ்வாண்டில் நாட்டிலேயே அதுதான் மிகுதி.

பருவம் முடிந்ததும் சிறந்த அணிகளைப் புத்தாண்டையொட்டிய பெருவிழா ஆட்டங்களுக்கு அழைப்பது அந்நாட்டு வழக்கம். மியாமியில் ஆரஞ்சு பவுல், நியூ ஆர்லியன்சில் சுகர் பவுல், ஜாக்சன்வில்லில் கேட்டர் பவுல்: மூன்றும் நிறவேற்றுமை சட்டமாகவே நிலவிய தென்மாநிலங்களில் நடப்பவை. மூன்றிலும் இவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. கறுப்பின வீரர் இருவரையும் விட்டுவிட்டு வந்தால் இடமுண்டு என்ற செய்தி தங்களுக்கு எட்டியதாக அணியினர் பின்னாளில் கூறினர். இத்தகைய விலக்கம் பெரும்பாலும் காகிதத்தில் எழுதப்படுவதில்லை என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர்.

அணியினர் கூடி நெடுநேரம் ஆராயவில்லை. இருவரின்றி எவரும் வாரோம் என்று மறுத்துவிட்டனர். மறுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். அதனால் அவர்கள் இழந்தது சிறிதன்று. பல்கலைக்கழகத்தின் கால்பந்துத் துறை பெரும் நட்டத்தில் இருந்தது. பெருவிழா ஆட்டத்தின் வருவாய் அதற்கு உயிர்நாடியாய் இருந்திருக்கும். அவ்வருவாய் வரவில்லை. அப்பருவத்தோடு அணியே கலைக்கப்பட்டது. 1952 புத்தாண்டு நாளில் ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியா டெக் அணி பெய்லர் அணியை 17-14 என்று வென்றது.

இங்கே பல்வங்கர் பாலுவை நினையாதிருக்க நம்மால் இயலவில்லை. தோல்தொழில் செய்த குலத்தில் பிறந்த அப்பெரும் பந்துவீச்சாளர் 1911-இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் புனாவில் தேநீர் வேளையில் அவருக்கு வெளியே மண்கலயத்தில் தேநீர். உடன் ஆடியோருக்கு உள்ளே பீங்கான் கோப்பையில். அவர் வீழ்த்திய விக்கெட்டுகளால் வந்த வெற்றியை ஏற்றவர்கள், அவருடன் அமர்ந்து அருந்த மட்டும் இசையவில்லை. சான்பிரான்சிஸ்கோ இளைஞர்களின் செயலை நாம் இத்துணை உயர்வாக மதிப்பதற்குக் காரணம் இதுவே.

மேட்சன் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும் தொடரோட்டத்தில் வெள்ளியும் பெற்றார். அவரும், அதே அணியின் ஜீனோ மார்ச்செட்டி, பாப் செயின்ட் கிளேர் ஆகியோரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மாளிகையில் இடம்பெற்றனர். பல்கலைக்கழகம் அவ்வணியினருக்கு 2006-இல் மதிப்புறு பட்டம் அளித்தது. அதற்குள் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன.

டோலருக்கு 1952-லேயே முழங்கால் முறிவு நேர்ந்து ஆடும் வாழ்க்கை முடிந்தது. அவர் ஆசிரியரானார், சான்பிரான்சிஸ்கோவில் பள்ளித் தலைமையாசிரியராகவும் உயர்ந்தார். 1965-இல் தேசியக் கால்பந்துச் சங்க ஆட்டங்களின் முதல் கறுப்பின நடுவராக நியமிக்கப்பட்டார். 1980 ஜனவரியில் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் நடுவர் குழுவில் ஒருவராக அவர் களமிறங்கியது, 1951-இல் தம் அணி கடைசியாக ஆடிய அதே ரோஸ் பவுல் அரங்கில்.