பழைய நடுமேஜைகள்: திருப்பூர் வட்டாரத்து இல்லங்களில்

விருந்தினர் வந்து அமரும் கூடத்தில், ஆசனங்களுக்கு நடுவே, காப்பித் தம்ளரும் செய்தித்தாளும் வெற்றிலைத் தட்டும் வைப்பதற்கென இடப்படும் மேஜை நடுமேஜை எனப்படும். வழக்கில் டீப்பாய் என்றும் சென்டர் டேபிள் என்றும் வழங்கும். இரண்டு மூன்று தலைமுறை கடந்த மரச்சாமானைத் தேடி வாங்கி அந்த ஸ்தானத்தில் வைப்பதில் விருப்பமுள்ளவர்கள் பின்னலாடைத் தொழிலால் செழித்த திருப்பூர், அவிநாசி, பல்லடம் பகுதிகளிலும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் தேடுவது சலவைக்கல் பதித்த ஐரோப்பிய பாணி மேஜையை. ஆனால் இப்பிரதேசத்துக்கு உரிய பழம்பொருள் அதுவன்று.

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடுமேஜை என்று வழங்கியது, ஒற்றைத் தண்டின்மீது வட்டப் பலகை பொருத்தப்பட்டு, ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில், விளக்கின் கீழ் அறையின் மையத்தில் நின்ற ஒரு பெரிய மேஜையாகும். அதைச் சுற்றி நாற்காலிகளில் அமர்ந்து படித்தார்கள், சீட்டாடினார்கள். சோபாவின் முன் முழங்கால் உயரத்துக்குத் தாழ்ந்து கிடக்கும் மேஜையோ பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் வழக்கம். ஆகவே, நூற்றைம்பது ஆண்டுப் பழமையுடையது என்று சொல்லி ஒன்றரை அடி உயர மேஜையை ஒருவர் விற்க முன்வந்தால், அதன் கால்கள் பிற்காலத்தில் அறுக்கப்பட்டனவா என்று முதலில் குனிந்து பார்ப்பது நல்லது. இப்படிக் கால் அறுபட்ட மேஜைகள் பழம்பொருள் வியாபாரத்தில் அபூர்வமல்ல.

கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீட்டில் நடுமேஜைக்கு வேலையே இருக்கவில்லை. திண்ணையும் பாயும் கயிற்றுக் கட்டிலும் போதுமானவையாக இருந்த அந்த வாழ்க்கையில், மேஜை என்பது வீட்டைவிட வியாபாரத்தையே சார்ந்திருந்தது. திருப்பூர், பனியனுக்குப் பேர்போவதற்கு முன்பே பஞ்சுச் சந்தையாகவும் ஜின்னிங் ஆலைகள் நிறைந்த ஊராகவும் விளங்கியது. 1925இல் தோன்றிய அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளையும் இவ்வூரையே தலைமையிடமாகக் கொண்டு கதர் உற்பத்தியை நடத்தியது. மெத்தையும் திண்டும் இட்டுத் தரையில் அமர்ந்து பேரேடு எழுதுவதற்குச் சாய்வுப் பலகை வைத்த குட்டை மேஜை, பணம் வைக்கும் கல்லாப்பெட்டி, துணியும் பத்திரமும் வைக்கும் பித்தளைப் பட்டையடித்த மரப்பெட்டி ஆகிய இவையே பஞ்சும் துணியும் விற்று வாழ்ந்தவர்களின் மரச்சாமான்கள். தரையில் அமர்பவருக்காகச் செய்யப்பட்டமையால் இவற்றின் உயரம் தாழ்ந்தது. எனவே ஒரு காலையும் அறுக்காமல், ஓர் ஆணியையும் அடிக்காமல், மூடி தட்டையாக உள்ள பெட்டியை இன்றைய சோபாவின் முன் அப்படியே வைத்துவிடலாம். வெளியூர்ச் சலவைக்கல் மேஜையைவிட இதுவே இவ்வூர்க் கூடத்துக்குப் பொருத்தமானது என்பது நமது அபிப்பிராயம்.

இவ்வூர்த் தொழில் விட்டுச்சென்ற இன்னொரு சாமான், காலால் மிதித்து ஓட்டிய தையல் இயந்திரத்தின் வார்ப்பிரும்புச் சட்டம். சிங்கர் கம்பெனியின் இயந்திரங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே இந்தியாவில் விற்பனையாயின. கல்கத்தாவில் செய்யப்பட்ட உஷா இயந்திரங்கள் 1930களில் வந்தன. பின்னர் மோட்டாரால் ஓடும் ஓவர்லாக், பேட்லாக் இயந்திரங்களும் அவற்றை வரிசையாகப் பூட்டிய பவர் டேபிள்களும் வந்தபின், மிதி இயந்திரங்கள் தொழிற்சாலையை விட்டு மூலைக்குப் போயின. அந்தச் சட்டத்தின்மேல் ஒரு தேக்குப் பலகையைப் பொருத்தி மேஜையாக்குவது எளிது. கொடிவேலையும் கம்பெனிப் பெயரும் வார்க்கப்பட்ட பக்கங்கள் பார்வைக்கும் அழகாகவே இருக்கும். எனினும் அதன் உயரம் ஏறக்குறைய இரண்டரை அடி இருக்கும். தாழ்ந்த சோபாவுக்கு முன் வைத்தால் பொருந்தாது. நாற்காலிகள் சூழ்ந்த கூடத்திலோ சுவர் ஓரத்திலோ வைத்தால் பொருந்தும். மிதிபலகையையும் சக்கரத்தையும் பிணைத்துக் கட்டிவிடாவிட்டால் குழந்தைகளின் விரல்களுக்கு ஆபத்து உண்டு. இதே உற்சாகத்தில் நல்ல நிலையிலுள்ள ராட்டையைப் பிரித்து, சக்கரத்தின்மேல் கண்ணாடி வைத்து மேஜையாக்குபவர்களும் இருக்கிறார்கள். கதரால் பிழைத்த ஊரில் அது செய்யத்தக்கதன்று.

ஐரோப்பிய பாணி மேஜையே வேண்டும் என்பவர்களுக்குக் காரைக்குடி வழி திறந்திருக்கிறது. பர்மாவில் வட்டித் தொழில் நடத்திய நகரத்தார், அந்நாட்டுத் தேக்கைக் கப்பலில் கொணர்ந்து எழுப்பிய மாளிகைகள், 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதற்குப் பின்னும், 1962க்குப் பின் அங்கு தொழில்கள் அரசுடைமையானதற்குப் பின்னும் பராமரிப்பார் குறைந்து, சில இடிக்கப்பட்டும் சில பங்கிடப்பட்டும் போனமையால், அவற்றின் தூண்களும் கதவுகளும் மேஜைகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அங்கே அசலும் நகலும் ஒரே வரிசையில் நிற்கும். பழைய தூணை அறுத்து நேற்றுச் செய்த மேஜையும் அவற்றில் உண்டு. மரம் பழையது என்ற விற்பவரின் சொல் உண்மையாகவே இருக்க, மேஜை மட்டும் புதிதாக இருக்கும்.

பழமையைப் பரிசோதிப்பதற்கு மேற்பரப்பை நம்புவதில் பயனில்லை. மேஜையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். வட்ட மேஜைக்கு மிகச் சிறந்த சாட்சி அளவுகோலே. மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்குவாக்கில் சுருங்கும். ஆதலால் முழுமரப் பலகையால் ஆகிய பழைய வட்ட மேஜையை ரேகையோடும் ரேகைக்குக் குறுக்கேயும் அளந்தால் இரண்டும் ஒத்திருக்கமாட்டா. தையல்காரரின் டேப் போதும். கண்ணுக்கு வட்டமாகத் தெரிவது டேப்புக்கு முட்டை வடிவமாகத் தெரியும். அடிப்பலகையில் வளைந்த அறுப்புக் கோடுகள் இருப்பின் அது வட்டரம்பத்தின் வேலை. நேராகவும் ஒழுங்கற்றும் ஓடும் கோடுகள் கையரம்பத்தைக் காட்டும். கழுந்தும் துளையும் கையால் செதுக்கப்பட்டிருந்தால் ஒன்றுக்கொன்று சிறிது மாறுபடும். அடியில் பிளைவுட் தென்பட்டால் பேரம் பேசும் தோரணையை மாற்றிக்கொள்ளலாம். தேக்கில் வெளிறு கலந்த பகுதியையே வண்டு துளைக்கும், வைரத்தை எளிதில் தொடாது. ஊசி முனையளவு துளைகளிலிருந்து மாவு உதிர்ந்தால் அது உயிருள்ள உளுப்பு, மருந்திடாமல் வீட்டுக்குள் கொண்டுவரலாகாது.

தேக்குக்கு அடுத்து மதிக்கப்படுவது ஈட்டி எனப்படும் தோதகத்தி. கனத்தாலும் கருஞ்செம்மை நிறத்தாலும் தெரியும். சாயம் பூசிய சாதாரண மரத்துக்கும் இந்த நிறம் வந்துவிடும் என்பதால், காலின் அடிப்புறத்தில் நகத்தால் கீறிப் பார்ப்பவர்கள் உண்டு. விற்பவர் முகம் சுளிப்பார், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வாங்கிய மேஜையை எங்கே எப்படி வைப்பது என்பதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. மேஜையின் உயரம் சோபாவின் இருக்கையை ஒட்டியோ ஓரிரு அங்குலம் தாழ்ந்தோ இருக்கலாம். நீளம் சோபாவின் மூன்றில் இரண்டு பங்கு. கால் நீட்ட ஒன்றரை அடி இடைவெளி. கீழே பவானி ஜமக்காளம் விரித்தால் அதன் பட்டைக் கோடுகள் கருமரத்தை எடுத்துக்காட்டும். மேலே ஒரு பித்தளைத் தாம்பாளமும் இரண்டு புத்தகமும் போதும். கரூர் நெசவில் நீண்ட மேஜைத் துணிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. குறுக்கே ஒன்றை இடலாம், முழுவதும் மூடுவதானால் பழைய மரம் எதற்கு?

இவ்வூருக்கென்று சில எச்சரிக்கைகள் உள. பின்னல் இயந்திரங்களுக்கு அருகிலுள்ள வீடுகளில் பஞ்சுத் தூசி ஓயாது படியும். ஆழக் குடைந்த கொடிவேலைகளில் அது சிக்கிப் பாசிபோல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இழைப்பில் மட்டும் அழகு காட்டும் எளிய மேஜையே இங்கு உத்தமம். கொச்சி மட்டாஞ்சேரிக் கடைகளிலிருந்து வரும் சாமான், கடற்கரையின் ஈரத்தில் பழகியது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் இந்த வறண்ட பூமிக்கு வந்ததும் பலகை சுருங்கி இணைப்பு பிளக்கலாம். சில மாதங்கள் வெயிலும் காற்றும் நேரே படாத அறையில் வைத்திருந்து, பிறகே தச்சரை அழைத்து விரிசலை அடைப்பது முறை. அரக்கைச் சாராயத்தில் கரைத்துச் செய்யும் பழைய பாலிஷ் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடக் கூடாது. பழமையின் மதிப்பு அந்த மேல்தோலிலேயே பாதி இருக்கிறது. பாலிஷ் ஏற்றுவதற்கும் தூசி துடைப்பதற்கும் இங்குக் கட்டிங் வேஸ்டாகக் கழியும் வெள்ளைப் பருத்திப் பனியன் துணியை மிஞ்சியது வேறில்லை.

ஏற்றுமதியாளர்கள் தங்கள் மாதிரி அறையிலும் இத்தகைய மேஜை இட்டு, வெளிநாட்டு பையரை அமர்த்தித் துணி விரிப்பதுண்டு. பளபளக்கும் செந்நிற மரப் பரப்பின்மேல் வைத்த துணியின் நிறத்தைக் கண் சரியாக மதிக்காது. நிறம் பார்ப்பதற்குச் சாம்பல் நிறப் பின்னணியும் ஒரே சீரான விளக்கும் வேண்டும். மேஜை காப்பிக்கு, ஷேடு பார்ப்பது லைட் பாக்ஸில். பையர் அந்த மேஜையையே விரும்பிக் கேட்டுவிட்டால் வேறொரு சிக்கல் எழும்: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத பழங்கலைப் பொருளைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப இயலாது. அதற்குக் குறைந்த வயதுடையதாயினும், தோதகத்தி மரமானால், அருகிவரும் உயிரினங்களின் வாணிபம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் அம்மரம் இருப்பதால், அனுப்புவதற்கு முன் அதற்குரிய அனுமதியை விசாரித்துக்கொள்ள வேண்டும்.