தீபச் சந்தையும் வெக்கை நோயும்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தையொட்டி மாட்டுச் சந்தை கூடுவது நெடுநாளைய வழக்கம். தீபம் காண வரும் கூட்டத்தோடு உழவு மாடுகளும் காளைகளும் வந்து இறங்கும். இப்படிப்பட்ட சந்தைகள்தான் கால்நடைகளுக்கு வெக்கை என்ற கொள்ளைநோயைக் கொண்டுவந்தன என்ற பழி பழையது. சந்தை வழியே நோய் பரவியது உண்மைதான். ஆனால் பழியைச் சந்தையின் தலையில் கட்டிவிட்டு நகர்ந்தால், வெக்கை நோய் எப்படி ஒழிந்தது என்பது விளங்காமலே போய்விடும். அந்த நோயின் வைரஸ் வெயிலில் சில மணி நேரம்கூடத் தாங்காது. நோய் கண்டு பிழைத்த மாட்டுக்கு ஆயுள் முழுதும் எதிர்ப்பு இருக்கும். அது நோயைச் சுமந்து திரிவதும் இல்லை. ஆகவே இன்னும் நோய் காணாத மாடு ஒன்று மாற்றி ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்தால்தான் வைரஸ் பிழைக்கும். சந்தையில் கைமாறி ஊர் ஊராக நடந்த மாடுகள் அந்தச் சங்கிலியின் கண்ணிகளாயின.

ஒழித்தது தடுப்பூசிதானே, இதில் சந்தைக்கும் வழிக்கும் என்ன பேச்சு என்று கேட்கலாம். முக்தேஸ்வர் கால்நடை ஆய்வகத்தில் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர், வைரஸை ஆட்டின் உடலில் பழக்கி உருவாக்கிய தடுப்பூசி 1920களிலேயே வந்துவிட்டது. நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் 1954இல் தொடங்கியது. அதன் பிறகும் நாற்பது ஆண்டுகள் தென்னகத்தில் நோய் தங்கியிருந்தது. இந்தியாவின் கடைசி வெக்கை நோய்த் தாக்கம் 1995இல் பதிவானது வட ஆற்காட்டில். 1989 வரை திருவண்ணாமலை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஊசி எட்டாத மந்தைகளையும் மாடு நடக்கும் வழிகளையும் தேடிக் கண்காணித்த பிறகே சங்கிலி அறுந்தது. தேடுவதற்கு நோயைச் சரியாக இனம் காணவும் வேண்டியிருந்தது. 1987இல் விழுப்புரம் பக்கத்து அரசூரில் ஆடுகளுக்கு வந்த நோய், பார்வைக்கு வெக்கை போலவே இருந்தது. ஆய்வு செய்தபோது ஆட்டுக்கொல்லி என்று தெரிந்தது. இந்தியா 2006இலும் உலகம் 2011இலும் வெக்கையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. மனிதர் ஒழித்த முதல் கால்நடை நோய் இது.

இதே வழியில் எல்லா நோய்களையும் ஒழித்துவிடலாம் என்பாரும் உண்டு. எனக்கு அது ஏற்பில்லை. அடினோவைரஸைப் பாருங்கள். வெக்கை வைரஸுக்கு இருந்த கொழுப்பு உறை இதற்குக் கிடையாது. அதனாலேயே வெளியில் நெடுநாள் தாங்குகிறது. நாய்களுக்கு வரும் அடினோவைரஸ் ஈரல் அழற்சியில், பிழைத்த நாயின் சிறுநீரில் ஆறு மாதத்துக்கு மேலும் வைரஸ் வெளியேறலாம். 1987இல் கராச்சி அருகே அங்காரா கோத்தில் இறைச்சிக் கோழிகளைக் கொன்ற அடினோவைரஸ் நோய் 1990களில் இந்தியாவுக்குள் வந்தது. நீர் கோத்த பைக்குள் இதயம் தோலுரித்த லிச்சிப் பழம்போலத் தெரிவதால் இங்கே அதை லிச்சி நோய் என்றார்கள். அந்த வைரஸ் கொட்டகைக் கூளத்தில் தங்கும். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியே குஞ்சுக்கும் போகும். அதற்குச் சந்தை கூட வேண்டியதில்லை.