வெந்த சோற்றுக்கு வந்த தீட்டு

சென்ற திங்கள் எட்டாம் வகுப்பில் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவை நடத்திக்கொண்டிருந்தேன். சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி எந்தக் குடிமகனையும் கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் நுழையவிடாமல் தடுக்கலாகாது என்று அப்பிரிவு கூறுகிறது. கிணற்றையும் குளத்தையும் படித்துறையையும் சாலையையும் அதே மூச்சில் சேர்த்துச் சொல்கிறது. கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சார், ஓட்டலில் காசு கொடுத்துத்தானே சாப்பிடுகிறோம்? யார் தடுக்கப் போகிறார்கள்? இதற்கு எதற்குச் சட்டம்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு அந்த ஐயம் எழுந்தது நம் வெற்றி. அந்த வெற்றிக்கு என்ன விலை தரப்பட்டது என்பதை அவன் அறியாதிருப்பது நம் குற்றம். அவனுக்குச் சொன்ன விடையைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

'கடை' என்ற அந்தச் சிறு சொல் அரசியல் நிர்ணய சபையிலேயே கேள்விக்குள்ளானது. 1948இல் அதன் பொருள் என்னவென்று உறுப்பினர்கள் வினவியபோது, காசு பெற்றுக்கொண்டு பொதுமக்களுக்குப் பணி செய்யும் எவருடைய இடமும் அதில் அடங்கும் என்றார் அம்பேத்கர். முடி திருத்துவோரையும் துணி வெளுப்போரையும் எடுத்துக்காட்டாகக் கூறினார். எந்தக் கதவு எவருக்கு அடைக்கப்படும் என்பதை ஏட்டில் படித்தவரல்லர் அவர், பட்டு அறிந்தவர். ஆகவேதான் வரையறையை அவ்வளவு அகலமாக விரித்தார்.

விலை கொடுத்து உண்பது தமிழனுக்குப் புதியதா? இல்லை. மதுரையில் பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் இருந்ததை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. பலவகைப் பண்ணியங்களை ஏந்தித் திரிந்து விற்றோர் அங்கே காட்சி தருகின்றனர். ஆனால் பிற்காலத்தில், ஊர்ப்பயணம் போனவனுக்கு உறவினர் வீடு, உறவில்லாத ஊரில் சத்திரம், அதுவும் இல்லையென்றால் கட்டுச்சோறு என்று வழக்கம் அமைந்தது. சோற்றை விலைக்கு விற்பது இழிவு என்ற எண்ணமும் ஊறியது. அந்த வழக்கத்தை உடைத்தது சென்னை மாநகரம்.

துறைமுகமும் இரயிலும் நீதிமன்றமும் கல்லூரியும் பெரம்பூர் ஆலைகளும் ஆயிரம் ஊர்களிலிருந்து மக்களை இழுத்து வந்தன. குமாஸ்தா வந்தான், மாணவன் வந்தான், மூட்டை தூக்குபவன் வந்தான். மனைவியும் தாயும் ஊரில்; இவன் மட்டும் இங்கே. அடுப்பில்லாத வயிறுகள் பல்லாயிரம் நகருக்குள் நுழைந்தன. அவற்றை நம்பித்தான் காபி கிளப் பிறந்தது, மெஸ் பிறந்தது, சாப்பாட்டு ஓட்டல் பிறந்தது. காசுக்குச் சாதி இல்லை. ஆகவே காசு வாங்கும் இடத்திலும் சாதி இராது என்றே எவரும் எண்ணுவர். நடந்ததோ வேறு.

அதைக் காணக் கொத்தவால்சாவடிக்குச் செல்ல வேண்டும். இன்று அங்கே பழைய பரபரப்பு இல்லை. 1996இல் காய்கறி மொத்த வாணிபம் கோயம்பேட்டுக்குப் பெயர்ந்துவிட்டது. ஆனால் பல தலைமுறைகள் சென்னையின் வயிற்றை நிரப்பியது ஜார்ஜ் டவுனின் அந்தச் சந்தைதான். அங்கே கத்தரிக்காயை எவரும் விற்றனர், எவரும் வாங்கினர். சேரியில் வாழ்ந்தவன் உழுது, அவன் மனைவி களை பறித்து, அவன் மகன் சுமந்து வந்த காய் அக்கிரகாரத்துப் பையிலும் விழுந்தது. எவரும் முகம் சுளிக்கவில்லை. அரிசியும் அப்படியே: நட்டவள் கை, அறுத்தவன் கை, புடைத்தவள் கை, மூட்டை தூக்கியவன் முதுகு. இத்தனை கைகள் பட்டும் அரிசிக்குத் தீட்டு வரவில்லை!

அதே அரிசி உலையில் விழுந்து வெந்தது. உடனே வந்தது தீட்டு! யார் சமைத்தது, யார் பார்த்தது, யார் பக்கத்தில் அமர்ந்தது என்று அத்தனை கேள்விகளும் கிளம்பின. நெருப்பு எதையும் தூய்மையாக்கும் என்று ஓதுவோரும் அவர்களே. நெருப்பில் வெந்தபிறகுதான் சோறு தீட்டுக்கு ஆளாகும் என்றோரும் அவர்களே. இந்த முரண்பாட்டை அவர்கள் காணாமல் இல்லை. பச்சைக் காயைத் தீட்டு என்று தள்ளினால் பட்டினி கிடக்க நேரும். வெந்த சோற்றைத் தள்ளினால் உயர்வு நிலைக்கும். உழைப்பு வேண்டும், உழைத்தவன் உடன் உட்காரக் கூடாது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஆசாரம் என்று பெயர்.

(ஆசாரமான சாம்பாரில் விழும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, போர்த்துகீசியர் வழியாக நம் கரைக்கு வந்தது. உருளைக்கிழங்கும் தக்காளியும் அக்கண்டத்தின் செல்வங்களே. காபியோ அரபு நாட்டார் வளர்த்த பழக்கம். கடல் கடந்து வந்த காய்க்கும் கொட்டைக்கும் கிடைத்த வரவேற்பு, பக்கத்துத் தெரு மனிதனுக்குக் கிடைக்கவில்லை.)

காபி கிளப்புகளில் 'பிராமணாள்' என்று ஓர் இடம், 'இதராள்' என்று ஓர் இடம். முன்னதற்கு உட்புறம், பின்னதற்கு வெளிப்புறம்; நடுவே சுவரோ தட்டியோ. ஒரே அடுப்பில் வெந்த இட்டிலிதான் இரண்டு பக்கத்துக்கும் போயிற்று. கொடுத்த காசிலும் வேறுபாடில்லை. வேறுபாடு அமர்ந்த இடத்தில் மட்டும்! இரயில் நிலையங்களிலும் இதே காட்சி. நீராவியால் ஓடும் வண்டி, தந்தியால் வரும் செய்தி, கடிகாரத்தால் நடக்கும் ஆட்சி. ஆனால் சிற்றுண்டிச் சாலைக்குள் மட்டும் மனுவின் ஆட்சி. எல்லோரும் பயணச்சீட்டு வாங்கி ஏறிய வண்டியிலிருந்து இறங்கியதும் சாதி பார்த்துப் பிரிய வேண்டியிருந்தது. நீதிக்கட்சியினரும் தன்மான இயக்கத்தாரும் நெடுங்காலம் எதிர்த்து நின்றபின், 1941இல்தான் இரயில் நிலையங்களில் அந்தப் பிரிவினை நீங்கியது. நாடு விடுதலை பெற ஆறு ஆண்டுகளே இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் இயக்கத்தின் வரலாற்றை மேடைகளில் அறிக்கைகளிலிருந்தும் தேர்தல்களிலிருந்தும் தொடங்குவர். ஒரு சாப்பாட்டுக் கூடத்திலிருந்தும் தொடங்கலாம் என்பேன். கல்லூரிப் படிப்புக்காகச் சென்னைக்கு வந்த பார்ப்பனரல்லாத மாணவனுக்குத் தங்க இடமில்லை. மதிப்போடு உண்ண இடமில்லை. இடமில்லாததால் படிப்பு இல்லை. படிப்பில்லாததால் பதவி இல்லை. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி சோறு என்பதைக் கண்டவர் டாக்டர் நடேசனார். 1916இல் திருவல்லிக்கேணியில் அவர் திராவிடர் இல்லத்தை நிறுவினார். நூலகம் கட்டுவதற்கு முன், பத்திரிகை நடத்துவதற்கு முன், வந்த பிள்ளைக்கு ஒரு பாயும் ஒரு இலையும் வேண்டும் என்று எண்ணிய மருத்துவர் அவர். அதே ஆண்டின் இறுதியில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றியது. ஒன்பதாண்டுகளுக்குள் சேரன்மாதேவிக் குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப்பந்தி வைக்கப்பட்ட செய்தி நாட்டைக் குலுக்கியது. காங்கிரசின் நிதியுதவி பெற்ற நிறுவனத்திலேயே பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்த கொடுமையை வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தனர். அங்கும் சண்டை சோற்றுக்காக அன்று, பக்கத்தில் உட்காருவதற்காக.

இவ்விடத்தில் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பார்க்க மறுத்தால் இது வரலாறாகாது. தட்டிக்கு இப்பால் இடம் கிடைத்ததே, அதை எண்ணிக் கொதித்த பார்ப்பனரல்லாதார் பலர், தட்டிக்கு இப்பாலும் இடமில்லாமல் தெருவில் நின்ற ஆதிதிராவிடரை எண்ணிக் கொதிக்கவில்லை. சைவச் சாப்பாடு என்றும் உயர்குலச் சாப்பாடு என்றும் சொல்லிக் கடை வைத்தவர்கள் மேலிருந்து வந்த உதையைக் கீழே கடத்தினர். சுயமரியாதை மாநாடுகளில் சமபந்தி விருந்து இடைவிடாமல் நடத்தப்பட்டது பார்ப்பனரை நோக்கி மட்டுமன்று, நம்மை நோக்கியும்தான். சமபந்தியில் உண்டுவிட்டு வீடு திரும்பியபின் தலை முழுகியவர் நம்மில் எவருமில்லை என்று உறுதி கூற எனக்குத் துணிவில்லை.

1950இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. கதவு திறந்தது, தட்டி விழுந்தது. ஆனால் வாசலுக்கு மேலே தொங்கிய பலகை அப்படியே இருந்தது! 'பிராமணாள்' என்ற சொல்லைத் தாங்கிய பலகைகளை எந்தச் சட்டமும் தொடவில்லை. "எவரும் வரலாம், எவரும் உண்ணலாம், பெயர் என் விருப்பம்" என்பது கடைக்காரர் வாதம். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் அச்சொல் அங்கே என்ன வேலை செய்கிறது? இட்டிலி மெதுவாக இருக்கும் என்று சொல்கிறதா? காபி கெட்டியாக இருக்கும் என்று சொல்கிறதா? சமைத்த கையின் பிறப்பைச் சொல்கிறது. அப்பிறப்பே தூய்மைக்குச் சான்று என்கிறது. பிற பிறப்பெல்லாம் அழுக்கு என்பதைச் சொல்லாமல் சொல்கிறது. உள்ளே வா என்று கை அழைக்கிறது. நீ தாழ்ந்தவன் என்று பலகை பேசுகிறது.

1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் பெரியார் தொடங்கிய கிளர்ச்சி இந்த ஒரு சொல்லை நோக்கியதுதான். நாள்தோறும் தோழர்கள் அணியணியாகச் சென்றனர், கைதாயினர், சிறை புகுந்தனர். மறுநாள் வேறு தோழர்கள் வந்தனர். நாள்கள் வாரங்களாயின, வாரங்கள் மாதங்களாயின. ஒரு பலகைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று ஏளனம் செய்தோர் அன்று நிறைய உண்டு. ஒரு பலகைதானே, ஏன் எடுக்க மறுக்கிறீர் என்று கடைக்காரரைக் கேட்டோர் அவர்களில் எத்தனை பேர்? இறுதியில் அச்சொல் நீங்கியது. ஓட்டல் மூடப்பட வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. தோசை சுட்டவர் மீது எவருக்கும் பகையில்லை.

சமையல் திறமை எவருடைய தனியுடைமையும் அன்று என்பதை வாணிபமே பின்னர் மெய்ப்பித்தது. உடுப்பியார் உழைப்பாளிகள், 1938இல் கே. கிருஷ்ணராவ் இராயப்பேட்டையில் தொடங்கிய உட்லண்ட்ஸ் நகரத்தின் நாக்கைப் பழக்கியது என்பதை மறுக்க வேண்டியதில்லை. 1951இல் மவுண்ட் ரோட்டில் புகாரி ஓட்டல் எழுந்தது. மதுரைப் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் குலதெய்வத்தின் பெயரால் ஊர்தோறும் முனியாண்டி விலாஸ் வைத்தனர். இறைச்சி கிடைக்கும் கடைக்கு 'மிலிட்டரி ஓட்டல்' என்று பெயர் வைத்த விந்தையும் உண்டு; கறிச்சோறு தின்ன நம் மக்கள் பட்டாளத்தின் பெயரைக் கடன் வாங்க வேண்டியிருந்தது போலும்! 1981இல் கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவன் ஒரு நாடாருடையது. அதன் இட்டிலிக்கு எவரும் பூணூல் சான்று கேட்கவில்லை.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். ஓட்டல் என்பது நெடுங்காலம் ஆணின் உலகம். பெண் வந்தால் 'குடும்ப அறை' என்று திரை மறைவில் உட்கார வைப்பர். தனியே வந்து ஒரு காபி குடித்துப் போகும் பெண்ணைத் தெருவே வெறித்துப் பார்க்கும். 2013இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்து, ஒரு ரூபாய்க்கு இட்டிலி விற்றபோது, விலையைத்தான் எல்லோரும் பேசினர். சமைத்தவர்களும் பரிமாறியவர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினர் என்பது என் கண்ணுக்கு விலையினும் பெரிதாகப் பட்டது. கைவண்டி இழுப்பவரும் கல்லூரி மாணவரும் ஒரே மேசை முன் நின்று உண்டனர். சமைத்தவள் என்ன சாதி என்று கேட்க நேரமும் இல்லை, பலகையும் இல்லை.

எல்லாம் முடிந்துவிட்டதா? 2012இல் திருவரங்கத்தில் ஓர் உணவகம் மீண்டும் 'பிராமணாள்' என்ற சொல்லைத் தலையில் சூடிக்கொண்டது. கிளர்ச்சிக்குப் பிறகே அதை நீக்கியது. 2018இல் அவிநாசி வட்டாரத்து அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்மணியைச் சமைக்கவிடாமல் தடுத்தனர். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் அடுத்த ஆண்டே அத்தகைய எதிர்ப்பு ஓரிரு இடங்களில் தலைகாட்டியது. ஆட்சியாளர்கள் நேரில் சென்று கண்டிக்க வேண்டியிருந்தது. சோறு அரசினுடையது, அரிசி அரசினுடையது, பள்ளி அரசினுடையது. தீட்டு மட்டும் அதே பழைய தீட்டு.

இவற்றில் பாதியைத்தான் அன்று வகுப்பில் சொல்ல முடிந்தது, மணி அடித்துவிட்டது. மறுநாள் காலை அதே மாணவன் என்னிடம் வந்தான். இரவு தன் தாத்தாவிடம் கேட்டிருக்கிறான். அவர் ஊர்த் தேநீர்க் கடையில் அவர்களுக்கென்று தனிக் குவளை. குடித்துவிட்டுத் தாமே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது. பதினாறு வயதில் கொத்தவால்சாவடிக்கு மூட்டை தூக்க வந்தவர், முதல் கூலியை வாங்கியதும் ஓர் ஓட்டலுக்குள் நுழைந்து, பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காபி கேட்டாராம். எல்லோருக்கும் வந்த டம்ளரிலேயே அவருக்கும் வந்ததாம். குடித்து முடித்தபின்னும் எழுந்திருக்காமல் நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம்.

"ஏன் சார், காபி குடித்தபிறகும் உட்கார்ந்திருந்தார்?" என்று கேட்டான் மாணவன்.