தட்டிச் சுவரும் மூட்டைப்பூச்சியும்: தங்கவயல் லைன் வீடுகளின் பூச்சியச்சம் குறித்து ஒரு மாற்றுக் கருத்து

கோலார் தங்கவயல் தொழிலாளர் குடியிருப்புகளின் வரலாற்றை எழுதுவோரிடையே ஒரு கருத்து கேள்வியின்றி வழங்கிவருகிறது. வீட்டுக்குள் ஊரும் பூச்சியைக் கண்டு பதறும் மனநிலை லைன்கள் எனப்பட்ட அந்த வரிசை வீடுகளில் தானாக முளைத்ததல்ல என்பது அக்கருத்து. 1898இல் மைசூர் சமஸ்தானத்துக்குள் பிளேக் நுழைந்தது. அதன் பின்னால் சுகாதார ஆய்வாளரும் கிருமிநாசினி வாளியும் வீடு புகுந்து பார்க்கும் அதிகாரமும் வந்தன. அஞ்சக் கற்ற தொழிலாளி அடங்கவும் கற்றான் என்று வாதம் முடியும். அழகான வாதம்தான். பாதி உண்மையும்கூட. மறுபாதியில்தான் எனக்குப் பிணக்கு.

நிர்வாகம் அஞ்சிய பூச்சி வேறு, லைனில் படுத்தெழுந்தவர்கள் அஞ்சிய பூச்சி வேறு என்பதே இக்கட்டுரையின் துணிபு. முன்னது எலித்தெள்ளு, பின்னது மூட்டைப்பூச்சி. இவ்விரண்டையும் ‘பூச்சியச்சம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டதால், அந்த அச்சத்தை யார் யாருக்குக் கற்பித்தார்கள் என்ற கேள்வியே தடம் மாறிப்போயிற்று. இதற்கு நான் முன்வைக்கும் முதன்மைச் சான்று மூங்கில் தட்டியால் சுவர் எழுப்பிய தட்டி வீடு. அது ஏட்டில் இருப்பதன்று. அதை எப்படி வாசிப்பது என்பதில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தட்டி வீட்டுக்கு இதுவரை இரண்டு விளக்கங்கள் உண்டு. ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்த சுரங்கங்கள் செங்கல்லில் காசு போட மனமின்றி மூங்கில் தட்டியோடு நிறுத்திக்கொண்டன என்பது ஒன்று. இதை நான் மறுக்கவில்லை, மறுக்கவும் முடியாது. இரண்டாவது, தட்டி வீடு ஒரு கண்காணிப்புக் கருவி என்பது. வேண்டும்போது கழற்றலாம், நோய் கண்டால் கொளுத்தலாம், வேறிடத்தில் ஒரே நாளில் நிறுத்தலாம். இவையே அவ்வீட்டின் நற்குணங்களாக நிர்வாகத் தரப்பில் சொல்லப்பட்டன. கொளுத்தத் தகுந்த வீட்டில் குடியிருப்பவன் எப்போதும் தற்காலிகவாசி என்று இரண்டாம் விளக்கக்காரர்கள் முடிக்கிறார்கள். இரு விளக்கங்களும் தட்டியை வெளியே நின்று பார்ப்பவை. அதன்மேல் முதுகு சாய்த்துத் தூங்கியவரின் பக்கமிருந்து பார்த்தால் மூன்றாவதொரு விளக்கம் தென்படுகிறது.

முதலில் காலக்கணக்கு. பிளேக் கிருமியை யெர்சின் ஹாங்காங்கில் கண்டது 1894. எலியிடமிருந்து எலிக்கு அதைக் கொண்டுசெல்வது தெள்ளு என்று பால்-லூயி சிமோன் கராச்சியில் சோதித்துக் காட்டியது 1898. ஆனால் அவர் சொன்னதை அன்று பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1905இலிருந்து பம்பாயில் பிளேக் ஆய்வுக் கமிஷன் செய்த சோதனைகளுக்குப் பிறகே தெள்ளுக் கொள்கை அதிகாரத் தரப்பில் நிலைபெற்றது. ஆக, முதல் பிளேக் ஆண்டுகளில் தட்டி வீட்டுக்குப் பரிந்து பேசியவர்கள் தெள்ளை மனத்தில் வைத்துப் பேசியிருக்க முடியாது. அவர்கள் அஞ்சியது அழுக்கை, நாற்றத்தை, நெரிசலை, சுருங்கச் சொன்னால் அங்கே குடியிருந்த மனிதர்களை. அந்த வீட்டைப் ‘பூச்சியறிவியல் கட்டிய வீடு’ என்று பின்னாளைய அறிவை முன்னாளுக்கு ஏற்றிச் சொல்வது கால வழு. அன்றைய நிர்வாகத்தைச் சாடும் எழுத்துகளிலேயே இந்த வழு அதிகம் காணப்படுவது வியப்பு. சாடும்போதே அவர்களுக்கு இல்லாத அறிவைத் தானமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

அறியாமல் செய்ததாயினும் தட்டிக்கு ஒரு பயன் இருந்திருக்கலாம். கனத்த மண்சுவரில் எலி வளை பறிக்கும். விரலளவு பருமன்கூட இல்லாத தட்டியில் வளைக்கு இடமேது? கூரையில் எலி தங்கும் என்பது உண்மை. வீட்டெலி ஏறுவதில் வல்லது, ஓலைக்கூரை அதற்குப் பஞ்சணை. ஆகவே தட்டி வீட்டில் எலியே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. சுவர் என்ற ஒரு மறைவிடம் அதற்கு இல்லாமற்போயிற்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். என் வாதத்துக்கு அவ்வளவே போதும். ஏனெனில் எலிக்கு மறுத்த இடத்தைத் தட்டி வேறொன்றுக்கு வாரி வழங்கியது.

ஒரு தட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். பிளந்த மூங்கில் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குகின்றன. பட்டை பட்டையைத் தாண்டும் ஒவ்வொரு முடக்கிலும் ஓர் இடுக்கு இருக்கிறது. கணு பிளந்த இடத்தில் இன்னொன்று, கயிறு கட்டிய மூலையில் ஒரு கொத்து. சாளரமளவு தட்டியிலேயே இத்தகைய இடுக்குகளை எண்ணி மாளாது. பசித்திருக்கும் மூட்டைப்பூச்சி தாளைப்போலத் தட்டை, நகம் நுழையாத பிளவிலும் அது நுழையும். முட்டையை இடுக்கில் பசைபோல் ஒட்டிவைக்கும். குஞ்சு ஐந்து முறை தோலுரித்தே பெரிதாகிறது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு வயிறு இரத்தம் வேண்டும். வளர்ந்தது மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் சாகாது. தென்னிந்தியாவில் பரவலாக உள்ள சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ் என்னும் வெப்பமண்டல இனத்துக்கும் இவை பொருந்தும். இந்தப் பூச்சிக்கென்றே ஒரு சுவர் செய்யச் சொன்னால், தங்கவயல் தட்டியைவிட நல்ல சுவரை யாராலும் செய்திருக்க முடியாது. தட்டிமேல் மண் பூசினால் இடுக்கு அடையும்தான். ஆனால் காய்ந்த மண் வெடிக்கும், மழையில் உதிரும். வெடிப்பும் இடுக்கே.

அந்தச் சுவருக்குள் தூங்கியவர்களின் வேலைநேரமும் கணக்கில் வரவேண்டும். சுரங்கம் இரவுபகலாக ஷிப்டு முறையில் ஓடியது. இரவு ஷிப்டு முடித்தவர் பகலில் படுக்கிறார், மற்றவர் இரவில். சன்னலற்ற அறையில் இருட்டு பகலிலும் உண்டு. இருட்டும் வெதுவெதுப்பான உடலும் மூச்சுக்காற்றும் கிடைத்தால் மூட்டைப்பூச்சி கடிகாரம் பார்ப்பதில்லை. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் பின்னாளில் 3 கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டியது. அந்த வெக்கையில் உழைத்து மேலே வந்தவருக்குத் தூக்கம் என்பது கூலிக்கு அடுத்தபடியான சொத்து. அதில்தான் பூச்சி கைவைத்தது. இந்த அச்சத்தைக் கற்றுக்கொடுக்க ஓர் ஆய்வாளர் வந்தாகவேண்டுமா?

அச்சத்தின் வேலைகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கட்டிலை வெயிலில் கவிழ்த்துப் போட்டுக் கயிற்றைத் தட்டுவது, பொருத்துகளில் கொதிநீர் ஊற்றுவது, கோழி இறகை மண்ணெண்ணெயில் தோய்த்து இடுக்கு இடுக்காக இழுப்பது, விளக்குச் சுடரைக் கட்டில் சட்டத்தையொட்டி நகர்த்துவது, நொச்சியும் வேம்பும் புகைப்பது. இவை தமிழ் வீடுகளில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலைகள். எந்தச் சுகாதாரக் கையேடும் கற்பித்தவை அல்ல. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு இவற்றையும் கொண்டுவந்தார்கள். ஆனால் இம்முறைகள் கட்டிலை நோக்கியவை. இங்கே பூச்சி இருந்ததோ சுவரில். மூங்கில் தட்டிக்கும் ஓலைக்கும் பக்கத்தில் சுடரை நகர்த்த முடியுமா? கொதிநீர் ஊற்றினால் தட்டி ஊறி உளுத்துப்போகும். ஊரில் கைகொடுத்த உபாயம் லைனில் கைவிட்டது. பழகிய பூச்சி பதற்றப் பூச்சியானது இங்கேதான் என்று கருதுகிறேன்.

மூட்டைப்பூச்சி எங்கேதான் இல்லை, அரண்மனையிலும் உண்டு, சினிமாக் கொட்டகையிலும் உண்டு, தங்கவயலுக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு என்று கேட்பார்கள். விடை எளிது. சமவெளியில் கடி தாங்காதவர் கட்டிலைத் தூக்கித் தெருவிலோ களத்திலோ போட்டுக்கொள்வார். தங்கவயல் கடல்மட்டத்துக்குமேல் சுமார் 2,800 அடி. மார்கழிக் குளிரில் வெளியே படுக்க இயலாது. லைனின் நெருக்கத்தில் பெண்கள் எந்த மாதத்திலும் வெளியே படுக்க இயலாது. தப்பிக்கும் வழி அடைபட்ட இடத்தில்தான் தொல்லை அச்சமாக முற்றும்.

கனமான மறுப்பு வேறொன்று உண்டு. இத்தனை பெரிய தொல்லையாயின் மருத்துவ, சுகாதார ஆவணங்களில் ஏன் அது பெரிதாகப் பேசப்படவில்லை? அவ்வாவணங்கள் எதை எண்ணுவதற்காக உண்டானவை என்பதிலேயே பதில் இருக்கிறது. தெள்ளு பிளேக்கைத் தருகிறது, கொசு மலேரியாவைத் தருகிறது, கொக்கிப்புழு சோகையைத் தருகிறது. மூட்டைப்பூச்சி மனிதருக்கு எந்த நோயையும் பரப்புவதாக இதுவரை நிறுவப்படவில்லை. ஆகவே அதற்கு அட்டவணையில் பத்தி இல்லை. தெள்ளுக்குக் கிடைத்த கவனத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கொழும்பில் ஃபேபியன் ஹர்ஸ்ட் எலித்தெள்ளுக்குள்ளேயே இனம் பிரித்தார். சென்னை, கொழும்பு போன்ற இடங்களில் பிளேக் ஏன் வலுவாகப் பற்றவில்லை என்பதற்கு அங்கிருந்த தெள்ளின் இனத்தைக் காரணம் காட்டினார். மயிரிழை வேறுபாடுள்ள தெள்ளுகள் நுண்ணோக்கிக்கு அடியில் போயின. ஒரு நகரத்தையே தூங்கவிடாத பூச்சி ஒரு வரிக்கும் தேறவில்லை. ஆவணம் மௌனமாக இருப்பதால் வீடும் மௌனமாக இருந்தது என்று வாசிப்பது, ஆவணத்தை எழுதியவரின் கண்ணையே நம் கண்ணாக மாட்டிக்கொள்வதாகும்.

சாதியும் இதில் தொழிற்பட்டது. சுரங்கத்தின் அடியாழத்தில் உழைத்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஆதிதிராவிடர். அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்தம் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேரூன்றியதும் இவர்களிடையேதான். ‘சுத்தம் அறியாதவர்கள்’ என்ற பழி இவர்கள்மேல் சுரங்கம் தோண்டும் முன்பே சுமத்தப்பட்டிருந்தது. மூட்டைப்பூச்சி அந்தப் பழிக்குத் தோதான சாட்சியாயிற்று. உண்மையில் அப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதன்று. அதற்கு வேண்டியவை இடுக்கும் தூங்கும் உடலும் மட்டுமே. தினமும் சாணம் மெழுகிய தரைக்கும் மெழுகாத தரைக்கும் அது வேற்றுமை காட்டாது. குற்றம் சுவரில், பழி மனிதர்மேல். வீட்டுக்கு வருவோர் போவோர் கண்ணில் பூச்சி பட்டுவிடக்கூடாதே என்ற கூச்சம் கடியைவிடக் கூடுதலாக உறுத்தியிருக்கும். இந்தக் கூச்சத்தை மேலிருந்து வந்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அச்சம் அப்படி வந்ததன்று.

டிடிடி வந்தபின், இப்போது கொசுவாகிவிட்ட அதிகாரத்தின் பூச்சியும் வீட்டாரின் பூச்சியும் மேலும் விலகின. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, 1958இல் ஒழிப்புத் திட்டமாக மாறியது. மருந்தடிப்போர் வீட்டுச் சுவருக்கே வந்தார்கள். தொடக்கத்தில் மக்கள் அதை வரவேற்றதற்குக் கொசுவைவிட மூட்டைப்பூச்சியே பெருங்காரணம் என்பது இந்தியாவின் பல பகுதிகளில் கண்ட அனுபவம். ஆனால் மூட்டைப்பூச்சி வெகு விரைவில் டிடிடிக்குப் பழகிக்கொண்டது. 1947லேயே பேர்ல் ஹார்பர் படை முகாம்களில் இது அறியப்பட்டது. சாகாத பூச்சி மருந்தின் உறுத்தலில் இடுக்கைவிட்டு வெளியே ஓடிவர, மருந்தடித்தபின் பூச்சி பெருகியதாகவே வீட்டார் கண்டார்கள். பல ஊர்களில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இந்தக் கதவடைப்பை அரசுக்கு எதிரான எதிர்ப்பு என்று ஒரு சாராரும் அறியாமை என்று மறுசாராரும் எழுதியிருக்கிறார்கள். சுவரை நன்றாக அறிந்தவர் செய்த கணக்கு என்ற மூன்றாவது வாய்ப்பை ஏன் விட்டுவிட வேண்டும்? எதிர்ப்பாளராக ஆக்கப்படுவதும் ஒருவகையில் பேச்சைப் பறிகொடுப்பதுதான்.

நிர்வாகத்தின் பூச்சிக்கு ஒரு முடிவாண்டு உண்டு. 1994 நோய்ப் பரவலுக்கு முன் இந்தியாவில் கடைசியாக மனிதரிடம் பிளேக் உறுதிசெய்யப்பட்டது 1966இல், இதே கோலார் மாவட்டத்து முல்பாகல் வட்டாரத்தில். அதற்குப் பிறகும் பெங்களூரில் உள்ள பிளேக் கண்காணிப்பு அலகு கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு சந்திக்கும் எல்லைப்பகுதியில் எலிகளையும் தெள்ளுகளையும் சோதித்துவந்தது. சுரங்கத்துக்கும் ஒரு முடிவுநாள் உண்டு, அது 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. லைன்களின் பூச்சிக்கு இப்படி ஒரு முடிவாண்டு குறிக்க எந்த அலகும் இருந்ததில்லை. அதற்கான சான்றை வேறிடத்தில்தான் தேடவேண்டும். தட்டிச் சுவர் செங்கல்லுக்கு மாறிய வரிசையையும், கயிற்றுக் கட்டில் இரும்புக் கட்டிலுக்கு மாறிய வரிசையையும் லைன் லைனாகப் பொருத்திப் பார்க்கவேண்டும். முதலாவதைக் கம்பெனியின் கட்டுமானக் கணக்கு சொல்லும். இரண்டாவது தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைக் கடைகளின் பழைய பேரேடுகளிலும், குடும்பங்கள் எடுத்துவைத்திருக்கும் கல்யாணச் சீர்வரிசைப் பட்டியல்களிலும் கிடைக்கக்கூடும். கம்பெனி செங்கல் வைப்பதற்கு முன்பே தொழிலாளி தன் கைக்காசில் இரும்புக் கட்டில் வாங்கியிருந்தால், அச்சம் எங்கிருந்து வந்தது என்ற வழக்கில் மேலிருந்து வந்தது என்போர் தரப்பு நிற்காது. அப்படித்தான் இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு.