பமுக்கலே: ஒரு வாயுவின் பின்னால் போன பயணத் திட்டம்

அடுத்த ஏப்ரலில் துருக்கி போகலாம்னு வீட்டில் முடிவாச்சு. ஏஜென்ட் அனுப்பிய அட்டவணையில் ஆறாவது நாள் மதியத்துக்கு நேரே ஒரே வரி: பமுக்கலே, 2 மணி நேரம், வெந்நீர்க் குளியல், புகைப்படம். அதற்குக் கீழே பொடி எழுத்தில், நேரம் இருந்தால் ஹியராபோலிஸ் இடிபாடுகள். அந்த 'நேரம் இருந்தால்'தான் என்னை உசுப்பிவிட்டது. மூணு வார இறுதி உட்கார்ந்து படிச்சதில் அந்த நாளையே தலைகீழா மாத்திட்டேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில் இடம். துருக்கியின் தென்மேற்கில், டெனிஸ்லி நகரத்திலிருந்து சுமார் 20 கி.மீ. வடக்கே. பமுக்கலே என்றால் பஞ்சுக் கோட்டை. மலைச்சரிவு முழுக்க வெள்ளை வெளேர்னு படிப்படியா தொட்டிகள், அதில் நீல நிறத்தில் தண்ணீர். படம் எல்லாரும் பார்த்திருப்பீங்க. படத்தில் வராதது, அந்தச் சரிவின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஊர். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் அரசர்கள் உருவாக்கியது, கி.மு. 133இல் ரோமர் கைக்குப் போனது. ஊரையும் சரிவையும் சேர்த்துத்தான் 1988இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. குளியல் ஒரு சுற்றுலா, இடிபாடு இன்னொரு சுற்றுலா என்று பிரிப்பதில் அர்த்தமே இல்லை.

ஏன்னா ரெண்டையும் செய்தது ஒரே வாயு, கார்பன் டை ஆக்சைடு.

சென்னையில் போர்வெல் தண்ணி ஊத்திய கெட்டில் வைத்திருப்பவர்களுக்கு விளக்கமே வேண்டாம். அடியில் வெள்ளையாகப் படியுதே, அதேதான். பூமிக்கடியில் அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கரைந்த சூடான நீர், சுண்ணாம்புப் பாறையைக் கரைச்சு எடுத்துக்கிட்டு மேலே வருகிறது. வெளியே வந்ததும் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி வாயு பிரிந்துவிடும். வாயு போனபின் சுண்ணாம்பு நீரில் நிற்க முடியாது, படிந்துவிடும். முதலில் கூழ் மாதிரி மெத்தென்று, பிறகு இறுகி டிராவர்டைன் கல்லாக. செருப்பைக் கழற்றிவிட்டு நட என்று அங்கே சொல்வது பக்திக்காக இல்லை, இந்தக் கூழுக்காக.

2,000 வருஷத்துக்கு முன்னாலேயே இதை ஊர்க்காரர்கள் வேலைக்கு வைத்திருந்தார்கள். புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார்: வாய்க்கால் வெட்டித் தண்ணீரை விடுவார்களாம், அது கல்லாகி வேலிச்சுவராக நின்றுவிடுமாம். கொத்தனார் கூலி மிச்சம்!

பிரிந்து போன அந்த வாயு எங்கே போகும்? இங்கேதான் கதை இருட்டாகிறது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது அது. காற்றோட்டம் இல்லாத பள்ளத்தில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். ஊரின் நடுவே நிலவெடிப்பின் மேல் ஒரு குகைவாய், பாதாள தெய்வத்துக்கான புளூட்டோனியன். ஸ்ட்ராபோ அங்கே குருவிகளை விட்டுப் பார்த்திருக்கிறார். உடனே செத்து விழுந்தன. உள்ளே கொண்டுபோன காளைகளும் விழுமாம். ஆனால் சிபெலே தெய்வத்தின் காயடிக்கப்பட்ட பூசாரிகள் மட்டும் போய்விட்டு முழுசாக வெளியே வருவார்கள். தெய்வ அருளா, ஏதாவது மாற்று மருந்தா என்று அவரே குழம்புகிறார். ஆனால் மனுஷன் கவனமாகப் பார்த்திருக்கிறார். மூச்சை அடக்கிய அடையாளம் அவங்க முகத்தில் தெரிந்தது என்றும் எழுதி வைத்தார்.

ஹியராபோலிஸில் 1957 முதல் இத்தாலிய அகழ்வாய்வுக் குழு வேலை செய்கிறது. 2013இல் அதன் தலைவர் பிரான்செஸ்கோ டி'ஆந்த்ரியா இந்தக் குகைவாயைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். தோண்டும்போதே, கிட்டே வந்த பறவைகள் செத்து விழுந்திருக்கின்றன. பிறகு ஜெர்மன் உயிரியலாளர் ஹார்டி ஃபான்ஸ் கருவி வைத்து அளந்தார். 2018இல் வெளியான அந்தக் கட்டுரைதான் எனக்கு இந்த மூணு வாரத்தின் புதையல். குகைக்குள் 91 சதவீதம் வரை கார்பன் டை ஆக்சைடு. வாசலுக்கு முன்னால் உள்ள தாழ்வான தரையில் ராத்திரி முழுக்க வாயு ஏரி மாதிரி சேர்கிறது. விடியற்காலையில் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்திலேயே சுமார் 35 சதவீதம். வெயில் ஏறியதும் கலைந்துவிடும். தலையைத் தொங்கப்போட்ட காளையின் மூக்கு ஏரிக்குள், நின்றிருக்கும் பூசாரியின் மூக்கு ஏரிக்கு மேலே. அவ்வளவுதான் அற்புதம்.

ஃபித்தலாட்டம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனசு வரலை. எந்த நேரம், எந்த உயரம் என்று தலைமுறை தலைமுறையாக உயிரைப் பணயம் வைத்துத் தெரிந்துகொண்ட அறிவு அது. அதைத் தெய்வத்தின் பெயரில் அவங்களும் நம்பித்தான் செய்திருப்பாங்க என்பது என் ஊகம்.

இனி என் தப்பு. பக்கத்திலேயே, பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் 10 கி.மீ. தூரத்தில் லவோதிக்கேயா. பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் குளிருமில்லை அனலுமில்லை என்று திட்டு வாங்கிய சபை இருந்த ஊர். ஹியராபோலிஸின் வெந்நீர் குழாயில் வரும் வழியில் ஆறி வெதுவெதுப்பாகிவிடும், அதனால்தான் அந்த வசனம் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். நானும் என் குறிப்பில் அழகா எழுதிட்டேன். அப்புறம் வரைபடத்தில் குழாய்ப் பாதையைத் தேடினால், அது தெற்கே டெனிஸ்லிப் பக்கத்து ஊற்றுகளிலிருந்து வருகிறது! வெந்நீர் ஊற்று இருப்பதோ வடக்கே. பத்தி முழுக்க அழிச்சேன்.

ஆனால் அந்தக் குழாய் நிஜமாகவே பார்க்க வேண்டியது. நடுவில் துளை போட்ட கல் கட்டைகளை ஒன்றோடொன்று சொருகி, பள்ளத்தில் இறக்கி மறுபக்கம் அழுத்தத்திலேயே ஏற்றியிருக்கிறார்கள். உள்ளே துளையைச் சுற்றி மரவளையம் மாதிரி சுண்ணாம்புப் படிவு. அதே கெட்டில் கதைதான். தண்ணீர் அங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2015இல் கிடைத்த கல்வெட்டு சாட்சி. கி.பி. 114ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம்; குழாயைச் சேதப்படுத்தினால், திருட்டுத்தனமாக எடுத்தால் 5,000 முதல் 12,500 தெனாரி வரை அபராதம்.

இப்போது திட்டம். காலையில் லவோதிக்கேயா. பிறகு ஹியராபோலிஸுக்கு வடக்கு வாசல் வழியாக. காரணம், 1,000க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ள இடுகாடு அங்கேதான். சில கல்லறைகள் டிராவர்டைனுக்குள் பாதி முழுகிக் கிடக்கின்றன. இத்தாலிக்கு 72 தடவை கப்பலில் போய்வந்ததைக் கல்லறையிலேயே செதுக்கிவைத்த ஃபிளேவியஸ் ஸூக்ஸிஸ் என்கிற வியாபாரி அங்கே இருக்கிறார். கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அம்மியானோஸின் கல் சவப்பெட்டியும் இந்த ஊரில் கிடைத்ததுதான். அதன் மூடியில் தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் கல் அறுக்கும் இயந்திரம். கிராங்கும் கனெக்டிங் ராடும் சேர்ந்து வேலை செய்வதற்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய சான்று. பி.இ. படிச்சவன் இதைப் பார்க்காமல் வரலாமா?

குளியல் கடைசியில். பழைய குளம் என்கிறதில் நிலநடுக்கத்தில் சாய்ந்த தூண்கள் நடுவே நீந்தலாம், சுமார் 36 டிகிரி. கிளியோபாட்ரா குளம் என்ற பெயர் விளம்பரத்துக்கு, கண்டுக்காதீங்க. வெள்ளைத் தொட்டிகள் எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்காது, அதையும் சொல்லிடறேன். முன்னே இடிபாடுகளின் மேலேயே ஹோட்டல்கள் கட்டி ஊற்று நீரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சரிவுக்கு மேலேயே ரோடு வேற. 1990களில் ஹோட்டல்களை இடித்தார்கள். இப்போது முறை வைத்து ஒவ்வொரு பகுதியாகத் தண்ணீர் விடுகிறார்கள். எப்போதும் விட்டால் பாசி பிடித்து வெண்மை போய்விடும். காய்ந்த தொட்டியைப் பார்த்து ஏமாந்துட்டோம்னு நினைக்க வேண்டாம்.

முட்டிவலிக்காரங்க கூட வந்தால் வாசலை மாத்திக்குங்க. ஊர்ப்பக்க வாசலில் வெறுங்காலோடு சரிவு முழுக்க ஏறணும். தெற்கு வாசலில் குளம் கிட்டே. எங்க திட்டத்தில் அம்மா தெற்கு வாசல், நானும் பொண்ணும் வடக்கு. "வெந்நீர்ல குளிக்கத்தானே போறோம், எதுக்குடா முதல்ல சுடுகாடு?" என்று அம்மா கேட்டாங்க. குளத்துப் பக்கம் அவங்க வந்து சேருவதற்குள் ரெண்டரை மணி நேரத்தில் முடிச்சுடறேன்னு சொல்லியிருக்கேன். ஏஜென்ட்டிடம் இன்னும் சொல்லலை.